பார்க்க ஏங்கும் படங்கள்: பழைய ஜப்பானிய சினிமா குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய ஜப்பானியப் படங்கள் பக்கம் புதிதாக வருகிறவர்கள் முதலில் கேட்பது "எதைப் பார்க்கலாம்?" என்றுதான். கொஞ்ச காலம் போனதும் அதே ஆள் "இந்தப் படம் எங்கே தேடியும் கிடைக்கவில்லையே?" என்று வந்து நிற்பார். இரண்டு வகைக் கேள்விகளுக்கும் இங்கே பதில் இருக்கிறது. இரண்டாவது வகைக்குச் சில இடங்களில் "கிடைக்காது" என்பதுதான் பதில்.

எந்தப் படத்தில் தொடங்கலாம்?

எல்லோரும் அகிரா குரோசாவாவின் ‘செவன் சாமுராய்’ (1954) என்பார்கள். தப்பே இல்லை. 207 நிமிடம் ஓடினாலும் தொய்வு தெரியாத படம். ஆனால் என்னைக் கேட்டால் மசாகி கோபயாஷியின் ‘ஹராகிரி’யைத்தான் (1962) சொல்வேன். பிழைப்பிழந்த சாமுராய் ஒருவன் பெரிய பிரபு வீட்டு வாசலில் வந்து நிற்கிறான். வயிற்றைக் கிழித்துக்கொண்டு கௌரவமாகச் சாக உங்கள் முற்றத்தைத் தர வேண்டும் என்கிறான். இப்படிச் சொல்லிக் காசு வாங்கிக்கொண்டு போகிற கூட்டம் அப்போது உண்டு. இவனும் அந்த ரகம்தான் என்று வீட்டார் கணக்குப் போடுகிறார்கள். சாவதற்கு முன் அவன் ஒரு கதை சொல்ல ஆரம்பிக்கிறான். அப்புறம் நம்மால் எழுந்திருக்க முடியாது. திரைக்கதை ஷினோபு ஹாஷிமோட்டோ. ‘ராஷோமான்’, ‘இகிரு’, ‘செவன் சாமுராய்’ மூன்றையும் எழுதியவர்களில் ஒருவர். எந்த முடிச்சை எப்போது அவிழ்ப்பது என்று இந்த மனிதரிடம் படிக்க வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. யாசுஜிரோ ஓசுவின் ‘டோக்கியோ ஸ்டோரி’யில் (1953) தொடங்காதீர்கள். உலகத்திலேயே சிறந்த படம் என்று கேள்விப்பட்டு உட்கார்ந்தவர்கள் பலர் பாதியில் எழுந்து போய், அதோடு ஓசுவையே விட்டுவிடுகிறார்கள்.

சரி, ‘டோக்கியோ ஸ்டோரி’யில் ஒன்றுமே நடக்கவில்லை என்பது உண்மைதானே?

நடக்கிறது, ஆனால் நடப்பதை யாரும் சுட்டிக்காட்ட மாட்டார்கள். ஒனோமிச்சி ஊரிலிருந்து வயதான அம்மாவும் அப்பாவும் டோக்கியோவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்க வருகிறார்கள். பிள்ளைகளுக்கு நேரமில்லை. அவர்களை வைத்துச் சமாளிக்க முடியாமல், ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு அட்டாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அனுப்பி வைக்கிறார்கள். பார்க்க உபசாரம், உள்ளே கழித்துக் கட்டுதல். அங்கே விடுதி முழுக்க இளவட்டங்கள். ராத்திரி பூரா மாஜாங் ஆட்டமும் பாட்டும் கூச்சலும். கிழவரும் கிழவியும் விசிறிக்கொண்டு தூங்காமல் கிடக்கிறார்கள். அறை வாசலில் அவர்கள் கழற்றி விட்ட இரண்டு ஜோடிச் செருப்பை ஓசு காட்டுகிறார். மறுநாள் காலை இருவரும் கடலோரச் சுவரில் உட்கார்ந்து, ஊருக்குக் கிளம்பலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். எழுந்திருக்கும்போது அம்மாவுக்குத் தலை சுற்றி, கையை ஊன்றி ஒரு கணம் உட்கார்ந்துவிடுகிறார். ராத்திரி சரியாகத் தூங்கவில்லை, அதனால்தான் என்று சொல்லிக்கொண்டு எழுந்து நடக்கிறார். குளோசப் இல்லை. நம் ஊர்ப் படமாக இருந்தால் அந்த இடத்தில் ஒரு வயலினாவது அழுதிருக்கும். படத்தின் முடிவு முழுவதும் அந்தத் தடுமாற்றத்தில்தான் தொடங்குகிறது. கவனிக்காதவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஓசுவுக்குப் பழக்கமாக வேறு வழி இருக்கிறது. ‘ஐ வாஸ் பார்ன், பட்’ (1932) மௌனப் படம், சிரிப்புப் படம். அப்பாதான் பெரிய ஆள் என்று நம்பியிருந்த இரண்டு பையன்கள், முதலாளி வீட்டில் போட்டுக் காட்டிய படத்தில் அப்பா கோமாளித்தனம் செய்து முதலாளியைச் சிரிக்க வைப்பதைப் பார்த்துவிட்டுச் சாப்பிட மாட்டோம் என்று அடம்பிடிக்கிறார்கள். ‘குட் மார்னிங்’ (1959) இன்னும் எளிது. நெற்றியை அழுத்தினால் குசு விடும் விளையாட்டு விளையாடும் சிறுவர்களின் கதை. இந்த இரண்டையும் முடித்துவிட்டு டோக்கியோவுக்குப் போங்கள்.

இயக்குநர் கெஞ்சி மிசோகுச்சியின் படங்களில் எதைக் கவனிக்க வேண்டும்?

கேமரா போகிற போக்கை. ‘உகெட்சு’வின் (1953) கடைசிப் பகுதியில் குயவன் கென்ஜுரோ பல நாள் கழித்து வீடு திரும்புகிறான். வீடு இருட்டு, அடுப்பு அணைந்து கிடக்கிறது, பெண்டாட்டி பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே பின்பக்கம் வழியாக வெளியே சுற்றி வருகிறான். கேமரா உள்ளே இருந்தபடியே அவனைத் தொடர்ந்து திரும்புகிறது. அவன் மறுபடி வாசலுக்கு வரும்போது, ஒரு நிமிடத்துக்கு முன் வெறுமையாக இருந்த அதே இடத்தில் அடுப்பு எரிகிறது, மனைவி மியாகி உட்கார்ந்து சமைத்துக்கொண்டிருக்கிறாள். இடையில் வெட்டு கிடையாது. தந்திரக் காட்சி என்று சொல்ல எதுவும் இல்லாமல் ஓர் ஆவியை வீட்டுக்குள் கொண்டு வந்துவிட்டார்கள். ஒளிப்பதிவாளர் கஸுவோ மியாகாவா. ‘ராஷோமான்’ எடுத்ததும் அவரே.

குரோசாவா, ஓசு, மிசோகுச்சி. இந்த மூவரோடு முடிந்துவிடுகிறதா?

வெளிநாட்டுத் திரைவிழாக்களும் விமர்சகர்களும் நமக்கு எடுத்துக் கொடுத்த மூன்று பெயர்கள் அவை. ஜப்பானில் அப்போது கணக்கு வேறு மாதிரி இருந்தது. ‘கினெமா ஜும்போ’ பத்திரிகையின் 1954ஆம் ஆண்டுப் பட்டியலில் ‘செவன் சாமுராய்’க்கு மூன்றாவது இடம்தான். முதல் இரண்டு இடங்களையும் பிடித்தவர் ஒருவரே, கெய்சுகே கினோஷிதா. முதலிடம் ‘ட்வென்டி ஃபோர் ஐஸ்’, தீவு ஒன்றின் பள்ளிக்கூட டீச்சரும் பன்னிரண்டு பிள்ளைகளும். போர் வந்து அந்தப் பிள்ளைகளை என்ன செய்கிறது என்பது கதை. கைக்குட்டையோடு உட்காருங்கள். ஜப்பானின் முதல் வண்ணக் கதைப்படம் ‘கார்மென் கம்ஸ் ஹோம்’ (1951) எடுத்தவரும் இவரே. வண்ணம் சரிவராவிட்டால் என்ன செய்வது என்று அதே படத்தைக் கருப்பு வெள்ளையிலும் இன்னொரு முறை எடுத்து வைத்தார்கள்.

மிகியோ நருசேவை விட்டுவிடாதீர்கள். அவர் படங்களில் பெண்கள் சதா பணத்தை எண்ணிக்கொண்டிருப்பார்கள்: வாடகை, கடன், அண்ணனுக்குக் கொடுக்க வேண்டியது, கிமோனோவுக்கு ஆன செலவு. ‘வென் எ வுமன் அசெண்ட்ஸ் த ஸ்டேர்ஸ்’ (1960) படத்தில் டோக்கியோவின் கின்சா பகுதியில் மதுக்கூடம் நடத்தும் விதவையாக ஹிதேகோ தகாமினே நடித்திருக்கிறார். தினமும் மாடிப்படி ஏறும் முன் ஒரு முகம், ஏறிய பின் ஒரு முகம். மூவரைவிட இவர் குறைந்தவர் என்று யார் சொன்னாலும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

பழைய ஜப்பானியப் படங்கள் ஏன் இவ்வளவு தொலைந்து போயின?

ஓசு ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு இன்று இல்லை. 1927இல் வந்த அவருடைய முதல் படமே இல்லை. அவர் எடுத்த ஒரே சாமுராய் காலப் படம் அதுதான் என்பதால் அதற்கான ஏக்கம் தனி. மிசோகுச்சி ஏறக்குறைய தொண்ணூறு எடுத்தார், மிஞ்சியது முப்பது சொச்சம். 1920களின் படங்களில் பெரும்பகுதி சுத்தமாகப் போய்விட்டது.

ஒரே காரணம் என்று சொல்ல முடியாது. அந்தக் கால நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும், பிடிக்காவிட்டாலும் தானே மக்கிப் பொடியாகும். 1923 செப்டம்பர் 1ஆம் தேதி வந்த கான்டோ நிலநடுக்கமும் அதன் தீயும் டோக்கியோவில் இருந்தவற்றை அழித்தன. பட வேலைகள் பெருமளவு கியோட்டோவுக்குப் போனதும் அப்போதுதான். அடுத்து 1945இன் குண்டுவீச்சு. போர் முடிந்ததும் அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகம் 236 படங்களை நிலப்பிரபுத்துவம், போர்வெறி என்று முத்திரை குத்தித் தடை செய்தது. பல பிரதிகள் கொளுத்தப்பட்டன. இந்தத் தணிக்கையின் வேடிக்கை ஒன்று சொல்ல வேண்டும். குரோசாவா 1945இல் எடுத்த ‘த மென் ஹூ ட்ரெட் ஆன் த டைகர்ஸ் டெயில்’ ஓடுவதோ ஒரு மணி நேரம்தான். சாமுராய் விசுவாசத்தையே கேலி செய்கிற படம். அதையும் பிடித்து வைத்துக்கொண்டு 1952இல்தான் விட்டார்கள்.

ஆனால் எனக்குத் தெரிந்து பெரிய எதிரி அலட்சியம்தான். பிரதிகள் கொஞ்சமாகத்தான் போடுவார்கள். அவற்றை ஊர் ஊராக ஓட்டித் தேய்த்த பிறகு சீந்துவாரில்லை. பழைய படத்தைக் காப்பாற்றி வைத்து யாருக்கு லாபம் என்பதுதான் கம்பெனிகளின் நினைப்பு. படங்களுக்கான தேசிய சேமிப்பு டோக்கியோவில் 1952இல்தான், நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஒரு பிரிவாகத் தொடங்கியது. 2018இல் அது தேசியத் திரைப்படக் காப்பகமாகத் தனி அமைப்பானது.

தொலைந்த படங்களில் உங்களுக்குப் பார்க்க ஆசையுள்ள ஒன்று?

ஒன்று போதாது. சடாவோ யமனாகா எடுத்ததில் இல்லாமல் போனவை எல்லாம் வேண்டும்.

1909இல் பிறந்தவர், இருபத்து மூன்று வயதுக்குள் இயக்குநர். இருபதுக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார். முழுதாக நம் கைக்கு வந்திருப்பவை மூன்றே மூன்று: ஒற்றைக்கண் ஒற்றைக்கை வாள்வீரன் தாங்கே சாசென் பற்றிய 1935ஆம் ஆண்டு நகைச்சுவைப் படம், ‘கோச்சியாமா சோஷுன்’ (1936), ‘ஹியூமானிட்டி அண்ட் பேப்பர் பலூன்ஸ்’ (1937). நடுவில் உள்ள படத்தில் வரும் பதினைந்து வயதுப் பெண்தான் பின்னாளில் ஓசு படங்களின் நாயகி செட்சுகோ ஹரா.

மூன்றாவது படத்தைக் கட்டாயம் பாருங்கள். எடோ காலத்துக் குடிசைச் சந்து ஒன்றில் சாமுராய் ஒருவன் தூக்குப் போட்டுக்கொண்டான் என்று தொடங்குகிறது. வாளை விற்றுத் தின்றுவிட்டதால் சாமுராய் முறைப்படி சாகக்கூட அவனிடம் கத்தி இல்லை. அவன் பேரைச் சொல்லி வீட்டுக்காரரிடம் சாராயம் கறந்து, சந்து முழுக்க எழவு வீட்டில் குடித்துக் கும்மாளம் போடுகிறது. 1937இல், நாடே படைவீரப் பெருமை பாடிக்கொண்டிருந்த நேரத்தில், இப்படி ஒரு படம் எடுத்திருக்கிறார். படம் திரைக்கு வந்த கையோடு அவருக்கு ராணுவ அழைப்பு வந்தது. இதுவே தன் கடைசிப் படமாகிவிட்டால் கொஞ்சம் வருத்தமாகத்தான் இருக்கும் என்று போர்முனையில் எழுதி வைத்தார். 1938 செப்டம்பரில் சீனாவின் கைஃபெங்கில் வயிற்றுக்கடுப்பு வந்து இறந்தார். வயது 28.

மூன்று படத்தை வைத்து ஒருவரை மேதை என்று சொல்லலாமா என்று கேட்கிறவர்கள் உண்டு. இரண்டைப் பார்த்தாலே சொல்லலாம்.

தொலைந்த படங்கள் திரும்பக் கிடைப்பது உண்டா?

உண்டு, அதுவும் எதிர்பாராத இடங்களில். தைனோசுகே கினுகாசாவின் ‘எ பேஜ் ஆஃப் மேட்னஸ்’ (1926) மனநல விடுதியில் நடக்கும் மௌனப் படம். திரைக்கதையில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற எழுத்தாளர் யாசுனாரி கவபாடாவின் பங்கும் உண்டு. நாற்பத்தைந்து வருடம் போல அது அழிந்துபோனதாகவே நினைத்திருந்தார்கள். 1971இல் இயக்குநரே தன் வீட்டுச் சேமிப்பு அறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இன்று பார்த்தாலும் தலை கிறுகிறுக்கும்.

டைசுகே இட்டோவின் ‘சூஜி தபி நிக்கி’ (1927) பல தலைமுறை விமர்சகர்கள் புகழ்ந்து எழுதிய படம். பார்த்தவர்கள் வயதாகி மறைந்துகொண்டிருக்க, பார்க்காதவர்கள் படித்துப் படித்து ஏங்கினார்கள். 1991இல் அதன் இரண்டாம் பாகத்தில் ஒரு துண்டும் மூன்றாம் பாகத்தின் பெரும்பகுதியும் கிடைத்தன. 1930இல் சக்கைப்போடு போட்ட ‘வாட் மேட் ஹெர் டூ இட்?’ ரஷ்யக் காப்பகத்தில் கிடைத்தது. முதல் ரீலும் கடைசி ரீலும் இல்லை. அவள் ஏன் அப்படிச் செய்தாள் என்பது படம் முழுக்க இருக்கிறது, அவள் செய்யும் காட்சிதான் இல்லை, அதைத் திரையில் வரும் எழுத்துப் பலகையில் படித்துக்கொள்ள வேண்டும். 1917ஆம் ஆண்டுக் கார்ட்டூன் படம் ‘நமகுரா கதானா’ 2007இல் ஒசாகாவின் பழம்பொருள் சந்தை ஒன்றில் அகப்பட்டது.

இவற்றைவிட எனக்குப் பிடித்த வழி, வீட்டு ப்ரொஜெக்டர். அந்தக் காலத்தில் வசதியுள்ளவர்கள் வீட்டில் போட்டுப் பார்க்க 9.5 மி.மீ. அகலத்தில் சுருக்கப் பிரதிகள் விற்பார்கள், பாதே பேபி என்று பெயர். ஓசுவின் 1929ஆம் ஆண்டுப் படங்கள் இரண்டு நமக்குக் கிடைத்தது இந்தச் சின்னச் சுருள்களால்தான். குழந்தைகள் கையால் சுற்றிப் பார்க்கிற பொம்மை ப்ரொஜெக்டர்களும் இருந்தன. அவற்றுக்காகத் தியேட்டரில் ஓடித் தேய்ந்த பிரதிகளைத் துண்டு துண்டாக வெட்டி விற்பார்கள், பெரும்பாலும் வாள்சண்டைக் காட்சிகள். படம் போய்விட்டது, சண்டை மட்டும் ஒரு நிமிடம் இருக்கிறது என்ற நிலை பல படங்களுக்கு. இந்தத் துண்டுகளைச் சேர்ப்பதற்கென்றே கியோட்டோவில் ஒரு பொம்மைப்பட அருங்காட்சியகம் 2015 முதல் இருக்கிறது.

குரோசாவாவின் ‘இடியட்’ முழு வடிவம் எங்காவது இருக்கிறதா?

இல்லை. தஸ்தயெவ்ஸ்கியின் நாவலைப் பனி மூடிய ஹொக்கைடோவுக்குக் கொண்டுபோய் 1951இல் எடுத்தார். அவர் கொடுத்தது 265 நிமிடம். ஷோச்சிகு நிறுவனம் வெட்டி வெளியிட்டது 166 நிமிடம். வெட்டுவதென்றால் ஃபிலிமை நீளவாக்கில் வெட்டிக்கொள்ளுங்கள் என்று கொதித்தார். போன ஒன்றரை மணி நேரத்துக்கும் மேற்பட்ட படம் இதுவரை கிடைக்கவில்லை. இருப்பதைப் பார்த்தால் தையல் விட்ட இடங்கள் தெரியும், தொடக்கத்தில் எழுத்துப் பலகைகளாகவே கதை ஓடும். இருந்தாலும் பாருங்கள். நடிகர் தோஷிரோ மிஃபுனேயும் ஹராவும் ஒரே சட்டகத்தில் வரும் இடங்கள் போதும்.

படம் தோற்றது, வேறொரு நிறுவனம் பேசி வைத்திருந்த வாய்ப்பும் கைவிட்டுப் போனது. அந்த மனநிலையில் மீன் பிடிக்கப் போனவர், தூண்டில் அறுந்து வீடு திரும்பியபோது, ‘ராஷோமான்’ வெனிஸ் திரைவிழாவில் முதல் பரிசான தங்கச் சிங்கம் வாங்கிவிட்டது என்று மனைவி சொன்னாராம். படத்தைப் போட்டிக்கு அனுப்பியிருப்பதே அவருக்குத் தெரியாது. அனுப்ப வைத்தவர் ஜூலியானா ஸ்ட்ராமிஜியோலி என்ற இத்தாலியப் பெண்மணி.

ஜப்பானின் முதல் பெண் இயக்குநர் படத்தைப் பார்க்க முடியுமா?

முதல் படத்தைப் பார்க்க முடியாது. தசுகோ சகானே, மிசோகுச்சியிடம் உதவியாளராக இருந்தவர். 1936இல் ‘ஹட்சு சுகதா’ எடுத்தார், அது தொலைந்துவிட்டது. அப்போது ஜப்பான் பிடியில் இருந்த வடகிழக்குச் சீனப் பகுதியான மஞ்சூரியாவில் எடுத்த படங்களில் 1943ஆம் ஆண்டின் ஒன்று மட்டும் இருக்கிறது, குடியேறப் போகும் மணப்பெண்களைப் பற்றிய பிரசாரப் படம். போருக்குப் பின் பட்டப்படிப்பு இல்லை என்று சொல்லி இயக்குநர் வேலையைத் தரவில்லை. பழையபடி மிசோகுச்சி படங்களில் காட்சிக் குறிப்பு எழுதும் வேலைக்குப் போனார். அடுத்து வந்த கினுயோ தனாகாவுக்கு அதிர்ஷ்டம் கொஞ்சம் கூடுதல். பெரிய நடிகையாக இருந்து 1953 முதல் ஆறு படம் இயக்கினார். ஆறும் இருக்கின்றன, புதுப்பித்த பிரதிகளாகவே கிடைக்கின்றன.

மௌனப் படத்தைச் சத்தமே இல்லாமலா பார்ப்பது?

ஜப்பானில் யாரும் அப்படிப் பார்த்ததில்லை. திரைக்குப் பக்கத்தில் பென்ஷி என்ற கதைசொல்லி நின்று எல்லாப் பாத்திரங்களுக்கும் குரல் மாற்றிப் பேசுவார். நடிகரைவிடப் பென்ஷியின் பெயரைப் பார்த்துக் கூட்டம் வந்தது உண்டு. முதல் முழுப் பேசும் படம் 1931இல் வந்த பிறகும் சில வருடம் மௌனப் படங்கள் தாக்குப்பிடித்ததற்கு இவர்களும் ஒரு காரணம். ஓசு தன் முதல் பேசும் படத்தை எடுத்ததே 1936இல்தான். குரோசாவாவின் அண்ணன் ஹெய்கோ ஒரு பென்ஷி. தொழில் அழிந்துகொண்டிருந்த 1933இல் தற்கொலை செய்துகொண்டார். பென்ஷி குரலோடு வந்திருக்கும் பதிப்பு கிடைத்தால் அதையே எடுங்கள்.

ஜப்பானில் எடுத்த கிங்காங் படம் உண்மையா?

உண்மை. 1933இல் ஒன்று, 1938இல் ஒன்று. இரண்டுமே இல்லை. சில புகைப்படங்களை வைத்துக்கொண்டு ரசிகர்கள் கனவு காண்கிறார்கள். பெரிய கலைப் படங்களாக இருந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை, இருந்தாலும் ஆசை விடவில்லை.

தமிழ் சினிமாவில் இதன் தடம் ஏதாவது உண்டா?

‘அந்த நாள்’ (1954). 1952இல் இந்தியாவில் நடந்த முதல் சர்வதேசத் திரைவிழாவில் ‘ராஷோமான்’ காட்டப்பட்டது. அந்தப் படத்தின் பாதிப்பில் எஸ். பாலச்சந்தர் இயக்கிய ஏவி.எம். படம் இது. பாட்டே கிடையாது. ஒரு கொலை, ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். ஜப்பானியர்கள் சென்னையில் குண்டு போட்ட மறுநாள் நடக்கிற கதை. செத்தவன், சிவாஜி நடித்த ரேடியோ இன்ஜினியர், ஜப்பானுக்கு ரகசியம் விற்றவன். ஜப்பானியப் படத்திலிருந்து உத்தியை எடுத்துக்கொண்டு ஜப்பானையே எதிரியாக வைத்துவிட்டார்கள்!

எங்கே பார்ப்பது, எந்தப் பிரதியைப் பார்ப்பது?

புதுப்பிக்கப்பட்ட பதிப்பு இருந்தால் அது வரும்வரை பொறுத்திருங்கள். இணையத்தில் சும்மா கிடைக்கும் மங்கல் பிரதியில் மியாகாவாவின் வெளிச்சத்தைப் பார்த்துவிட்டு, இதற்கா இவ்வளவு பேச்சு என்று கேட்கக் கூடாது. கிரைட்டீரியன், பி.எஃப்.ஐ. (பிரிட்டிஷ் திரைப்படக் கழகம்) வெளியிடும் வட்டுகளை நம்பி வாங்கலாம், விலைதான் கடிக்கும். முபி ஸ்ட்ரீமிங் தளத்தில் அவ்வப்போது வந்து போகும். ஜப்பான் ஃபவுண்டேஷன் இந்திய நகரங்களில் நடத்தும் விழாக்களைக் கவனித்து வாருங்கள். பழைய கார்ட்டூன் படங்களை டோக்கியோ காப்பகமே இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது, ‘நமகுரா கதானா’வும் அதில் உண்டு. டோக்கியோ போகிறவர்கள் கியோபாஷியில் உள்ள காப்பகத் தியேட்டருக்கு ஒரு மாலையாவது ஒதுக்குங்கள்.

அப்புறம் டிவி. அந்தப் படங்களில் பல ஏறக்குறைய சதுரமாக இருக்கும். திரையை நிரப்புகிறேன் என்று டிவி அதை இழுத்து எல்லோரையும் குண்டாக்கிவிடும். அந்த அமைப்பை முதலில் அணையுங்கள். தமிழ் சப்டைட்டிலை எதிர்பார்க்க வேண்டாம்.

‘த ஹியூமன் கண்டிஷன்’ ஒன்பதரை மணி நேரமாமே, ஒரே மூச்சில் பார்க்க வேண்டுமா?

வேண்டாம். 1959 முதல் 1961 வரை மூன்று படங்களாக வந்தது அது, ஒவ்வொன்றிலும் இரண்டு பாகம், மொத்தம் 579 நிமிடம். மஞ்சூரியாவில் கட்டாயத் தொழிலாளர்களை மேய்க்கும் வேலைக்குப் போகும் நல்ல மனசுக்காரன் காஜியை அந்தப் போர் எப்படி அரைக்கிறது என்பது கதை. இயக்குநர் கோபயாஷி தானே மஞ்சூரியாவில் சிப்பாயாக இருந்தவர், பதவி உயர்வு வேண்டாம் என்று மறுத்தவர். வாரத்துக்கு ஒரு படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் படத்தில் தொழிலாளர்களைத் தலைவெட்டும் காட்சி வரும், கூட்டம் திரளும். அதைத் தாண்டிவிட்டால் மீதியைப் பார்க்காமல் விட மாட்டீர்கள். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டாம்.